கணவாய்க் காற்றும் கீ வைத்த மரக்குழலும்

கேள்வி: அண்ணா, எனக்கு வண்ணாமடை. பத்து வருடமாக மூங்கில் குழல் வாசிக்கிறேன். கச்சேரி உருப்படிகளோடு சர்ச் பாடற்குழுவிலும் வாசிப்பதுண்டு. கையால் செய்த, துளையை உலோக நெம்பால் மூடித் திறக்கும் கீ வைத்த மரப் புல்லாங்குழல் ஒன்று வாங்க ஆசை. எத்தனை கீ இருந்தால் நல்லது, எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இன்னொன்று. தாத்தா நெல்லியாம்பதி எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது துரை ஒருவர் கொடுத்த பழைய மரக்குழல் வீட்டில் இருக்கிறது. தலைப்பகுதி தந்தம் மாதிரி வெள்ளையாக இருக்கும். பத்துக் கீ. ‘நாஃக் மயர்’ என்று முத்திரை. அதை விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமா?

பதில்:

தம்பி, முதலில் அந்தப் பழைய குழலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விற்பனைக்கு என்று எங்காவது படம் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். தலைப்பகுதி உண்மையிலேயே யானைத்தந்தமாக இருந்தால் அதை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நூறு வருடப் பழையது, துரை கையால் கொடுத்தது, ஆப்பிரிக்க யானையின் தந்தம் என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. வெளிநாட்டில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார் என்று பார்சல் கட்டினாலும் மாட்டிக்கொள்வீர்கள். தந்தமும் அருகிவரும் மரங்களும் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தம் அந்த ஊர் சுங்கத்திலும் இருக்கிறது.

அதற்காகப் பதற வேண்டாம். வெள்ளையாக இருப்பதெல்லாம் தந்தம் ஆகிவிடாது. அந்தக் காலத்திலேயே செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக்கில் தந்தம் போலச் செய்து மாட்டியிருக்கிறார்கள். தலைப்பகுதியைக் கழற்றி, குறுக்கே வெட்டிய முனை தெரியும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வளைந்த மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பாய் முடைந்தது போலத் தெரிந்தால் அது தந்தம். நேர்நேராக ஒரே அளவில் கோடு ஓடினால் செல்லுலாய்டாக இருக்கலாம். பொடிப்பொடியாகக் கறுத்த புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. சிலர் ஊசியைக் காய்ச்சி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். தந்தம்தான் என்று பட்டால் விற்கும் நினைப்பை விட்டுவிட்டு, அதை வீட்டில் வைத்திருக்க என்ன செய்யவேண்டும் என்று வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

அப்புறம் அந்த முத்திரை. ‘நாஃக் மயர்’ என்றால் ஜெர்மன் மொழியில் ‘மயரின் முறைப்படி’ என்று பொருள். மயர் என்பவர் ஹனோவர் நகரத்தில் குழல் செய்தவர். அவர் செய்த வடிவம் புகழடைந்ததும் பல பட்டறைகள் அதே வடிவத்தில் செய்து, ‘அவர் முறைப்படி’ என்று முத்திரை குத்தி உலகம் முழுக்க அனுப்பின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இவை ஏராளமாக வந்தன. ஆகவே முத்திரையைப் பார்த்துப் பெரிய புதையல் என்று எண்ண வேண்டாம். சிலது அருமையாகப் பேசும், சிலது சுருதியில் நிற்கவே நிற்காது. தாத்தாவின் நினைவு என்ற மதிப்பு சந்தையில் கிடைக்கும் மதிப்பைவிட நிச்சயம் பெரியது. புதுக் குழலுக்கான பணத்தை அதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

சரி, இப்போது வாங்குவதற்கு வருவோம். எத்தனை கீ என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். கீ எதற்கு என்று புரிந்துகொண்டால் காரணமும் புரியும்.

இந்த வகைக் குழலில் விரலால் மூடும் துளைகள் ஆறு. ஆறையும் மூடினால் மேற்கத்திய முறையில் டி என்ற சுரம், அதாவது நம் இரண்டு கட்டை. அதை ஸட்ஜமமாக வைத்து ஒவ்வொரு விரலாகத் திறந்துகொண்டு போனால் சங்கராபரணம் வரும். நம் கர்நாடக விரல்முறைப்படி மேலிரண்டு துளைகளை மட்டும் மூடி அதை ஸட்ஜமம் என்று பிடித்தால் ஆறு கட்டையில் அரிகாம்போதி வந்து நிற்கும். மூங்கில் குழலில் உங்கள் விரலுக்குப் பழகிய அதே கிரமம்தான். ஆக, கீ ஒன்றுகூட இல்லாமலேயே உங்களுக்கு அந்தக் குழல் அன்னியமாக இருக்காது. இடையில் விடுபட்ட அரைச் சுரங்களை அரைத்துளை மூடியோ விரல்களை மாற்றிப் போட்டோ எடுக்கலாம். ஆனால் சில இடங்களில் ஒலி மங்கிவிடும். அந்த இடங்களுக்காகத்தான் கீ.

ஃபிளாட் என்றால் அரைச் சுரம் கீழே, ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே. வலது சுண்டுவிரலுக்கு ஈ-ஃபிளாட். இடது சுண்டுவிரலுக்கு ஜி-ஷார்ப். இடது கட்டைவிரலுக்கு பி-ஃபிளாட். வலது ஆள்காட்டி விரலால் தொடும் நீளமான கீ, சி. எஃப்புக்கு மட்டும் இரண்டு: வலது மோதிர விரலுக்குக் குட்டை எஃப், இடது சுண்டுவிரலுக்கு நீள எஃப். டி வாசிக்கும்போது மோதிர விரல் துளையை மூடிக்கொண்டிருக்கும். அங்கிருந்து நேராக எஃப்புக்குப் போக அதே விரலால் குட்டைக் கீயைத் தொட முடியாது. அதனால் இன்னொரு கைக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆறும் சேர்ந்தால் ஆறு கீ குழல். அடிப்பகுதியை நீட்டி, கீழ் சி-ஷார்ப்புக்கும் கீழ் சி-க்கும் இரண்டு சேர்த்தால் எட்டு கீ.

உங்களுக்கு எது என்றால், சர்ச் பாடல்கள் எஃப்பிலும் பி-ஃபிளாட்டிலும் நிறைய வரும். அங்கே எஃப், பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட் கீகள் உண்மையாகவே கைகொடுக்கும். கீர்த்தனைகளுக்குக் கீ ஒத்தாசை பண்ணாது. கமகம் என்பது விரல் துளையின் மேல் உருண்டும் பாதி மூடியும் வருவது. மாலி என்று நாம் அழைக்கும் புல்லாங்குழல் மேதை டி.ஆர். மகாலிங்கம் மூங்கிலில் வாய்ப்பாட்டை அப்படியே கொண்டுவந்தது அந்த விரலின் சதையால்தான். கீ என்பது கதவு மாதிரி. திறக்கும், மூடும், நடுவில் நிற்காது. அதனால் என் யோசனை ஆறு கீ, அல்லது குட்டை எஃப் மட்டும் வைத்த ஐந்து கீ. கீழ் சி-க்காக அடிப்பகுதியில் போடும் இரண்டும் எடையையும் காற்றுக் கசிவையும் கூட்டும். அந்தச் சுரம் வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் எட்டு கீ வாங்கட்டும்.

இந்தக் குழல் ஏன் இன்னமும் செய்யப்படுகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன், விலையில் அது பேசும். லண்டனில் சார்லஸ் நிக்கல்சன் என்ற கலைஞர் பெரிய துளை போட்ட மரக்குழலில் அசாத்தியமான ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார். 1831-இல் அங்கே போன ஜெர்மன் குழல் கைவினைஞர் தியோபால்ட் போம் அதைக் கேட்டு அசந்துபோய், ஊர் திரும்பி 1832-இல் தன் புதிய கீ அமைப்பைக் கொண்டுவந்தார். 1847-இல் நேர்க்குழாய் வடிவத்தையும் கொண்டுவந்தார். இன்று நாம் பார்க்கும் வெள்ளிப் புல்லாங்குழல் அதன் வழியில் வந்தது. ஆர்கெஸ்ட்ராக்கள் அந்தப் பக்கம் போனதும் பழைய மரக்குழல்கள் மலிவாகக் கைமாறின. அயர்லாந்தின் நாட்டுப்புறக் கலைஞர்கள் அவற்றை எடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். ருடால் அண்ட் ரோஸ் பட்டறையில் செய்தவையும், பூஸி நிறுவனம் செய்த பிராட்டன் மாதிரியும்தான் இன்றும் அளவுகோல். கையால் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். ருடால் வழியில் செய்தது கொஞ்சம் மென்மையாக, இழைவாக இருக்கும். பிராட்டன் வழியில் துளைகள் பெரிது, மூச்சு அதிகம் கேட்கும், ஒலியும் அகலம். விரல்களுக்கு நடுவே இடைவெளியும் கூடுதல். நம் ஆட்களில் கை சிறிதானவர்கள் ருடால் மாதிரியிலிருந்து தொடங்குவது நல்லது.

இனி மரம். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

நம் ஊர் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகல வாய், பாலக்காட்டுக் கணவாய். கார்த்திகை பிறந்ததும் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியாகக் கிளம்பிவிடும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். தை வரை உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், கதவு நிலை சுருங்கி இடைவெளி விடும். பங்குனி, சித்திரையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். வைகாசி முடிந்தால் தென்மேற்கு மழை, அதே கதவு ஊதிப்போய் மூடாது. ஒரே வருடத்துக்குள் மரத்தை இப்படி இழுத்துப் பிடித்து விடும் ஊர் அதிகம் இல்லை. திருவனந்தபுரத்தில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் சொல்லும் அறிவுரை வேலந்தாவளத்தில் இருப்பவருக்குப் போதாது.

நான் முதன்முதலில் வாங்கிய எட்டு கீ குழல் குளிர்நாட்டிலிருந்து ஆவணியில் வந்தது. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. கார்த்திகை மூன்றாம் வாரம் ராத்திரியில் டக்கென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் வாய் வைத்து ஊதும் முத்திரைத் துளையிலிருந்து மேல் வளையம் வரை பிளவு. துடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதே கோட்டில் ஏற்கெனவே வெடித்து, மெழுகும் கருஞ்சாயமும் வைத்து அடைத்திருக்கிறார்கள். விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டபோது பதிலும் வரவில்லை. இரண்டு வருடச் சேமிப்பு அது. அன்றிலிருந்து எந்தக் குழல் கைக்கு வந்தாலும் அதன் மேல் எத்தனை மழையும் எத்தனை வேனிலும் போயிருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

தலைப்பகுதி மட்டும் ஏன் அதிகம் வெடிக்கிறது என்றால், சுருதி கூட்டிக்குறைக்க உள்ளே பித்தளைக் குழாய் வைத்து ஸ்லைடு செய்திருப்பார்கள். காற்று வறண்டால் மரம் சுருங்கும், பித்தளை சுருங்காது. உள்ளே இருப்பது இடம் கொடுக்காததால் மரம் பிளந்துகொள்கிறது. பழைய ஆங்கிலேயக் குழல்களில் பத்துக்குப் பல இப்படித் தலை வெடித்தவைதான். இதனால் குழல் செத்துவிடாது. நல்ல கைக்காரர் பொருத்தி ஒட்டி, வேண்டிய இடத்தில் வளையம் போட்டுக் கொடுத்தால் பல காலம் பாடும். ஆனால் புதிதாகச் சொல்லிச் செய்வதாக இருந்தால், உள்ளே முழுக்க உலோகம் போடாமல் ஸ்லைடு இருக்கும் இடத்தில் மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். நம் ஊருக்கு அதுதான் ஒத்துவரும். ஸ்லைடே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குழலைச் செய்தவர் அவர் ஊர்க் குளிரில் சுருதி சேர்த்திருப்பார். நம் வெயிலில் சுருதி மேலே ஏறும். இழுத்துக் குறைக்க இடம் வேண்டும்.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், வங்கியம் என்ற குழல் செய்வதைச் சொல்லும் இடத்தில் மூங்கிலோடு சந்தனம், செங்காலி, கருங்காலி ஆகிய மரங்களையும் வெண்கலத்தையும் குறிப்பிடுகிறார். நாலு பக்கக் காற்றும் கலந்தடிக்காத நிலத்தில் வளர்ந்த மரமாக இருக்கவேண்டும், வெட்டியதை நிழலில் ஆறப்போட்டு, திருகலும் பிளவும் இல்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு வருடம் கழிந்த பிறகே குழல் செய்யவேண்டும் என்கிறார். இன்றைக்கு நல்ல கைவினைஞர்கள் செய்வதும் இதுதான். கட்டையை முதலில் பருமனாகக் கடைந்து, உள்துளையைச் சிறிதாகப் போட்டு, ஆறவிடுவார்கள். சில மாதமோ சில வருடமோ கழித்து மறுபடி எடுத்து அடுத்த கடைசல். இப்படிப் படிப்படியாக வந்த மரம்தான் பிறகு அடங்கி நிற்கும். ஆகவே விலை கேட்பதற்கு முன் ‘கட்டை எத்தனை நாள் ஆறியது, எத்தனை தவணையில் கடைந்தீர்கள்’ என்று கேளுங்கள். உண்மையாகச் செய்பவர் இந்தக் கேள்விக்கு மகிழ்ந்துபோய் நீளமாகப் பதில் எழுதுவார். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

எந்த மரம்? மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். ஆப்பிரிக்க பிளாக்வுட் தான்சானியா, மொசாம்பிக் பக்கத்து மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவு கனம். ஈரம் எளிதில் இறங்காது, ஒலி கூர்மை. பாக்ஸ்வுட் மஞ்சள் நிறம், இலேசானது, ஒலியில் ஒரு குழைவு உண்டு. ஆனால் ஈரம் குடித்து வளையும். நம் மழைக்காலத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். கோக்கஸ் என்பது ஜமைக்கா, கியூபா மரம், பழைய லண்டன் குழல்கள் பெரும்பாலும் அதுதான். இன்று நல்ல கட்டை கிடைப்பது அரிது. சிலருக்கு அது உதட்டில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். கைக்கு வந்த முதல் சில நாள் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து, உதட்டைக் கவனித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கருங்காலி என்று சொல்லி உள்ளூரில் விற்பதை நிதானமாகப் பாருங்கள். கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு கறுப்புச் சாயம் போட்ட எந்தக் கட்டைக்கும் அந்தப் பெயர் வைத்துவிடுகிறார்கள். கண்ணில் படாத இடத்தில், மூட்டின் உட்பக்கம், வெள்ளைத் துணியில் துளி எண்ணெய் வைத்துத் தேய்த்தால் சாயம் ஒட்டிக்கொண்டு வரும். உண்மையான கருங்காலியும் கொஞ்சம் நொறுங்கும் குணம் உள்ளது, வறட்சியில் பிளாக்வுட்டைவிட முன்னால் வெடிக்கும். ஈட்டியும் பிளாக்வுட்டும் ஒரே டால்பெர்ஜியா பேரினம். 2017 ஜனவரியில் அந்தப் பேரினம் முழுவதையும் சைட்டிஸ் பட்டியலில் சேர்த்தபோது குழல் அனுப்புவதற்கே அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்துவிட்டது. ஆகவே முழுக் குழலாக வரவழைக்க அந்தச் சிக்கல் இப்போது இல்லை. வெறும் கட்டையாக வரவழைத்து இங்கே கடைந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அது வேறு கணக்கு.

குழலை நேரில் பார்க்க முடியாதபோது ஒலிப்பதிவு கேளுங்கள். வேகமான பாட்டு வேண்டாம், அதில் எல்லாம் மறைந்துவிடும். டியில் தம்பூராவைப் பின்னால் ஓடவிட்டு, கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்கு ஒவ்வொரு சுரத்தையும் நான்கு எண்ணிக்கை நிறுத்தி வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். ஆறு துளையும் இரண்டு ஸ்தாயியிலும் ஒத்து நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஏதாவது ஒரு சுரத்துக்கு வாசிப்பவர் குழலை உருட்டி உதட்டால் திருத்துவது உங்கள் காதுக்கே பிடிபடும். பழைய குழலாக இருந்தால் அது எந்தச் சுருதிக்குச் செய்தது என்பதும் தெரியவேண்டும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஏ 452, அதாவது ஏ என்ற சுரத்துக்கு நொடிக்கு 452 அதிர்வு என்ற உயர்ந்த சுருதி வழங்கியது. அந்தக் குழலை இன்றைய 440-க்கு இழுத்தால் துளைகளுக்குள் இருக்கும் பொருத்தம் போய்விடும்.

பிறகு கீ. ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, துளைகளை விரலால் மூடி, மறுமுனையில் வாய்வைத்துக் காற்றை உறிஞ்சினால் அது அப்படியே சில நொடி பிடித்து நிற்கவேண்டும். உடனே விட்டுவிட்டால் கீயின் அடியில் துளையை மூடும் பேட் என்ற மெத்தை கசிகிறது, அல்லது மரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல். இதை வீடியோவாகக் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை. கீ உட்கார்ந்திருக்கும் விதத்தையும் பாருங்கள். அதே கட்டையிலிருந்து புடைப்பாக விட்டுச் செதுக்கி, நடுவில் வெட்டு கொடுத்து, ஊசி போட்டு மாட்டியிருப்பது பழைய லண்டன் முறை. வேலை அதிகம், விலையும் அதிகம், பக்கவாட்டில் ஆடாது. உலோகக் கால்களைத் திருகி மாட்டியிருப்பது இன்னொரு முறை. அதுவும் நல்லதுதான், ஆனால் மரம் சுருங்கும்போது கால் தளர்கிறதா என்று அடிக்கடி பார்க்கவேண்டும். ‘ஜெர்மன் சில்வர் கீ’ என்று போட்டிருந்தால் நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களைப் போல அதில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். கீயாக நன்றாக உழைக்கும். வெள்ளி விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

புதுசாகப் பளபளவென்று, எட்டு கீ, வெல்வெட் பெட்டியோடு சில ஆயிரத்துக்கு வருவதை வாங்காதீர்கள். ஆறு துளைகளைச் சுருதிக்கு வைப்பதே பெரும் வேலை. கூம்பாக ஒடுங்கிக்கொண்டு போகும் உள்துளையை அளவு பிசகாமல் குடைவது அதைவிடப் பெரிது. ஒவ்வொரு கீயும் தட்டி, அராவி, பேட் உட்காரவைத்து வருவதற்குள் நாள் கணக்கில் போய்விடும். இதையெல்லாம் அந்த விலைக்குள் செய்ய வழியில்லை. அது சுவரில் மாட்ட ஆகும். நான் மூன்று பேருக்கு அப்படி வாங்கியதைச் சரிசெய்து கொடுக்கப் பார்த்து, துளைகளே இடம் மாறியிருப்பதால் முடியாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

நல்ல கைவினைஞரிடம் ஆறு கீ குழல் என்றால் இன்று சில லட்சம் ரூபாய். அதே ஆள் செய்யும் கீ இல்லாத குழலைப்போல இரண்டு மூன்று மடங்கு. பெயர் பெற்றவர்களிடம் வருடக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அதனால் உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கீ இல்லாத குழலாக, ஆனால் பின்னால் கீ மாட்டிக்கொள்ளும்படி மரப்புடைப்புகளை விட்டுச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்கி இரண்டு வருடம் வாசியுங்கள். அதற்குள் எந்த அரைச் சுரத்துக்கு உங்கள் விரல் ஏங்குகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். மரமும் நம் இரண்டு கார்த்திகையைப் பார்த்திருக்கும். அப்போது திருப்பி அனுப்பிக் கீ போட்டுக்கொள்ளலாம். மரமே பயமாக இருக்கிறது என்றால் டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் நல்ல கைவினைஞர்களே செய்கிறார்கள். வெடிக்காது, விலையும் குறைவு, நான் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

பணம் அனுப்பும்போது முழுத்தொகையையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். செய்யச் சொல்வதானால் முன்பணம், பாக்கி அனுப்பும் அன்று. பழைய குழலானால் ஒரு வாரம் வாசித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். சுங்க வரியும் கூரியர் கட்டணமும் விலைக்கு மேல் கணிசமாக ஏறும், அதைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். வழியில் உடைந்தால் இன்ஷூரன்ஸும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் வரும். பங்குனி, சித்திரையில் பார்சல் வரவேண்டாம். கோடவுனில் வெயிலில் கிடக்கும். ஆனி முதல் ஐப்பசிக்குள் வரவழைத்தால் மரம் நம் ஈரத்தோடு பழகிக்கொண்டு, கார்த்திகைக்குத் தயாராகும்.

வந்த குழலை முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் ஊதவேண்டாம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஊதியதும் உள்ளே துணி இழுத்துத் துடைத்து, உடனே பெட்டியை மூடாமல் சற்று ஆறவிடுங்கள். பாதாம் எண்ணெய் மெல்லியதாக உள்துளையில் தடவலாம். அப்போது ஒவ்வொரு பேட்டுக்கும் அடியில் துண்டுக் காகிதம் வையுங்கள், எண்ணெய் பட்டால் பேட் கெட்டுவிடும். மழைக்காலத்தில் தோல் பேட் பூஞ்சை பிடித்து ஒட்டும், அதற்கும் மெல்லிய காகிதம் வைத்து ஒற்றி எடுத்தால் போதும். கார்த்திகை முதல் தை வரை துளையிட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்துக் குழல் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். குழலின் உலோக வளையங்கள் தளர்ந்து சுழன்றால் மரம் வறண்டுவிட்டது என்று அர்த்தம். அந்தச் சைகையைப் பார்த்த அன்றே வாசிப்பைக் குறைத்து ஈரத்தைக் கூட்டினால் பிளவைத் தடுத்துவிடலாம். ஃபேனுக்கு நேர்கீழும், காரின் பின்சீட்டும் வேண்டவே வேண்டாம்.

விற்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். என்றைக்காவது நீங்கள் விற்கும்போது, குறையை முதல் வரியில் எழுதுங்கள். நான் அந்த வெடித்த குழலை நல்ல கையில் சரிசெய்து, நான்கு கார்த்திகை என்னிடம் வைத்திருந்து, பிறகு கோயம்புத்தூரில் ஒருவருக்குக் கொடுத்தேன். பிளவு எங்கே, எப்படி ஒட்டியது, எந்த மாதத்தில் எந்த வளையம் தளரும், எந்தக் கீயின் ஸ்ப்ரிங் மாற்றியது என்று ஒரு பக்கம் எழுதி, பிளவைக் கிட்டத்தில் எடுத்த படங்களோடு அனுப்பினேன். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். ஒட்டிய இடம் நான்கு வறட்சியைத் தாங்கியது என்ற அந்தத் தகவலுக்காகவே வாங்கினேன் என்றார். கீயை மாற்றிப் புதிதாகப் பளபளக்கவைப்பதைவிட இது வாங்குபவருக்கு உதவும். பழைய வெள்ளிக் கீயை மெஷினில் பாலிஷ் போட்டு, முத்திரையை மழுங்கடித்துவிட்டால் விலை ஏறுவதற்குப் பதில் இறங்கும்.

உங்கள் தாத்தாவின் குழலுக்கு வருகிறேன். தலை தந்தமோ செல்லுலாய்டோ, கீழ்ப்பகுதிகள் மரம்தானே, வாசிக்கத் தடையில்லை. இத்தனை வருடம் ஊதாமல் கிடந்ததால் எடுத்த எடுப்பில் ஊதிவிடாதீர்கள், ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறிப் பிளக்கும். மூட்டு இறுகியிருந்தால் முறுக்கித் திறக்கவும் வேண்டாம். கீகளின் ஊசியை யாரையும் தட்டிக் கழற்ற விடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்து, தந்த விஷயத்தை வனத்துறையில் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு, ஐப்பசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறைக்கு வாருங்கள். பேட் மாற்றி, நூல் சுற்றி, உள்ளே எண்ணெய் காட்டி, காற்று கிளம்புவதற்கு முன் அதைப் பேசவைத்துப் பார்ப்போம்.